மலைநாட்டில் இறைபிள்: குழல் சிறுத்த வரலாறு

ஆண்டுதோறும் ஆயுத பூசை வருகின்றது. தோட்டத்துக் கோயிலிலே கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, முள்ளு, கொழுந்துக் கூடை, பள்ளிப் பிள்ளையின் புத்தகம் ஆகியன யாவும் சந்தனமும் குங்குமமும் பெற்று ஒரே வரிசையில் அமர்கின்றன. அவ்வரிசையில் நம்மவர் ஒருநாளும் வையாத கருவி ஒன்றுண்டு. அதுதான் துவக்கு. காரணம் வெளிப்படை. இம்மலைகளில் துவக்கு நம்முடையதாய் இருந்ததில்லை. பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கில் அகப்பட்டுக் காலிழந்தோரை நம்மவர் அறிவர். காவலரின் துவக்கை அறிவர். துரையின் பங்களாச் சுவரில் தொங்கிய துவக்கை மூத்தோர் அறிவர். அதற்கு அப்பால் அறிந்தவர் சிலரே.

ஆயினும் சென்ற விடுமுறையில் ஊர் திரும்பியபோது, நம் இளைஞர் சிலர் கைப்பேசியில் தூர இலக்குச் சுடும் போட்டியொன்றைக் கண்டு களித்திருந்தனர். "ஆயிரம் யார் தூரத்திலுள்ள வட்டத்தைத் துளைக்க எந்தத் துவக்கு ஏற்றது?" என்று ஒரு தம்பி வினவினார். "எவ்வளவு பெரிய குழலோ அவ்வளவு பெரிய தூரம்" என்று மற்றொருவர் உடனே விடையிறுத்தார். அவ்விடை பிழையானது. எனினும் அது நகைத்தற்குரிய பிழையன்று. அறிவிற் சிறந்த பொறியியலாளரும் படைத்தலைவரும் பன்னெடுங்காலம் அதே பிழையில் உழன்றனர். அப்பிழை திருந்திய வரலாற்றின் சில ஏடுகள் நம் நுவரெலியாவிலும் தியத்தலாவையிலும் எழுதப்பட்டவை என்பதை எண்ணியே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

யானைத் துவக்குகளின் காலம்

நுவரெலியாவின் குழிப்பந்தாட்டத் திடலருகே ஒரு பழைய கல்லறை உண்டு. அது மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்பாருடையது. பதுளையில் அரசாங்க அலுவலராயிருந்த இவர் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவருடைய கல்லறைக் கல்லையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்பது ஊரார் கூற்று.

அவருக்குப் பின் வந்தவர் சாமுவேல் பேக்கர். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்து பண்ணை அமைத்தவர். இலங்கை வேட்டையைப் பற்றி நூல்கள் எழுதியவர். 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் கம்மியரைக் கொண்டு இவர் செய்வித்த இறைபிளின் எடை 21 இறாத்தல். அதன் உருண்டைச் சன்னம் ஒன்று மட்டும் மூன்று அவுன்சு! ஒரு கொத்து மூட்டையைத் தோளில் ஏற்றுவதுபோல அதனை ஏற்றிச் சுடவேண்டும். சுட்டதும் அஃது உதைக்கும் உதை சாதாரண மனிதனைச் சுழற்றிவிடும்.

இத்தனை பெருங்குழல் எத்தனை தூரத்துக்குப் பயன்பட்டது? யானையைப் பத்துப் பதினைந்து எட்டுத் தொலைவில் நின்று நெற்றியிற் சுடுவதே அக்கால வழக்கம். உருண்டைச் சன்னம் காற்றை அகன்ற முகத்தோடு முட்டுகின்றது. ஆகவே விரைவில் வேகம் குன்றுகின்றது. அருகில் மலைபோல் தாக்கும், தொலைவில் தள்ளாடும். பெருமைக்கும் தூரத்துக்கும் உறவில்லை என்பதற்கு இதுவே முதற்பாடம்.

இதே ஆண்டுகளில்தான் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாய் வந்து, கோப்பித் தோட்டங்களிற் சேர்ந்துகொண்டிருந்தனர். வழியில் வாந்திபேதியும் பசியும் எத்தனையோ பேரை வீழ்த்தின. துரைமாரின் வேட்டைக்கு நூல் உண்டு, கல்லறை உண்டு. வழியில் வீழ்ந்த நம்மவருக்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

சுழலும் சன்னம்

குழலின் உட்புறத்தில் திருகாணி மரைபோல் வளைந்தோடும் தவாளிப்பு வெட்டப்பட்டிருந்தால் அத்துவக்கை இறைபிள் என்பர். தவாளிப்பைப் பற்றிக்கொண்டு வெளியேறும் சன்னம் பம்பரம்போல் சுழல்கின்றது. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோலச் சுழலும் சன்னமும் முகம் திரும்பாது செல்கின்றது. இதனால் உருண்டையை விடுத்து நீண்ட சன்னத்தைப் பயன்படுத்தும் வழி பிறந்தது.

1853ஆம் ஆண்டு ஆங்கிலப் படை ஏற்ற என்பீல்ட் இறைபிளின் துளை 0.577 அங்குலம். அதன் தோட்டாவிற்குப் பூசிய கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்ற செய்தி பரவியதே 1857ஆம் ஆண்டு இந்தியச் சிப்பாய்களின் எழுச்சிக்குத் தீப்பொறியாயிற்று. துவக்கைத் தேர்ந்தோர் தூரத்தையும் துளையையும் அளந்தனர். தோட்டாவைப் பல்லாற் கடிக்கவேண்டிய மனிதனின் மனத்தை அளக்க மறந்தனர். அதன் விளைவைப் பாரதம் முழுவதும் கண்டது.

அதே 1857இல் இங்கிலாந்தில் மற்றொரு சோதனை நடந்தது. யோசப் விட்வேர்த் என்னும் பொறியியலாளர் 0.451 அங்குலத் துளையும் அறுகோணக் குழலும் உடைய இறைபிளொன்றை அமைத்தார். துளையைச் சிறிதாக்கி, சன்னத்தை நீளமாக்கி, தவாளிப்பின் சுழற்சியை விரைவாக்கினார். அது பெரிய என்பீல்டைத் தூரத்திலும் குறியிலும் வென்றது. 1860இல் விம்பிள்டனில் தேசிய இறைபிள் சங்கத்தின் முதற் போட்டியை விக்டோரியா அரசி தொடக்கிவைத்தபோது, தாங்கியிற் பொருத்தப்பட்ட ஒரு விட்வேர்த் இறைபிளின் விசையைக் கயிற்றால் இழுத்தே 400 யார் தூரத்து இலக்கைத் துளைத்தார். அச்சங்கம் பின்னர் 1890இல் பிஸ்லி என்னுமிடத்துக்குப் பெயர்ந்தது. அங்கு குடியேற்ற நாடுகளின் அணிகள் பொருதும் கிண்ணம் கோலாப்பூர் மன்னர் பெயரால் 1871 முதல் வழங்குகின்றது என்பது நம்மவர் அறிந்து மகிழத்தக்கது.

தாழும் புகையில்லா மருந்தும்

கரிமருந்து சுட்டவுடன் புகை மண்டும். குழலினுள் கசடு படியும். 1880களில் பிரான்சிலே புகையில்லா மருந்து கண்டுபிடிக்கப்பட்டதும் நிலைமை மாறிற்று. சன்னத்தின் வேகம் கூடியது, துளை சிறுத்தது. 1888இல் ஆங்கிலேயர் 0.303 அங்குலத் துளையை ஏற்றனர். ‘திறீ-நொட்-திறீ’ என்று நம் மூத்தோர் வாயிலும் புழங்கிய பெயர் இதுவே.

இவ்விறைபிள்கள் தாழ் வகையைச் சேர்ந்தவை. கதவின் தாழ்ப்பாளை நினைந்துகொள்க. கைப்பிடியை மேலே திருப்பிப் பின்னிழுத்தால் வெற்றுக் கூடு வெளியே விழும். முன்தள்ளிக் கீழே திருப்பினால் புதிய தோட்டா உட்சென்று குழலின் பின்வாய் இறுகப் பூட்டப்படும். சுடும் கணத்தில் அசையும் உறுப்புகள் மிகக் குறைவு. ஒவ்வொரு தோட்டாவும் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில் அமரும். ஒருபடித்தான இப்பூட்டே நெடுந்தூரக் குறிக்கு அடிப்படை. தானே இயங்கும் துவக்குகள் எத்தனையோ வந்த பின்னரும் இலக்குச் சுடுவோர் இன்றுவரை தாழ் இறைபிளைக் கைவிடாமைக்கு இதுவே காரணம்.

1899 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயருக்கும் போர் மூண்டது. போயர் கையிலிருந்தது ஜேர்மனியின் மௌசர் இறைபிள். அதன் துளை 7 மில்லிமீற்றர், அதாவது.303ஐ விடச் சற்றுச் சிறிது. ஆங்கிலச் சன்னம் நொடிக்கு ஏறக்குறைய 2,000 அடி சென்றது. மௌசரின் சன்னம் 2,300 அடி அளவிற் சென்றது. எடையிற் குறைந்த சன்னம் விரைந்து சென்றமையால் அதன் பாதை நேராயிருந்தது. தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் குறி பெரிதும் பிசகவில்லை. தகட்டிற் கோத்த ஐந்து தோட்டாவை ஒரே அழுத்தில் உட்செலுத்தவும் முடிந்தது. ஆங்கிலச் சிப்பாயோ ஒவ்வொன்றாக இட்டு நிரப்பவேண்டியிருந்தது. போதாக்குறைக்குப் புதிய என்பீல்ட் இறைபிள்களில் ஒரு தொகுதி 500 யார் தூரத்தில் ஒன்றரை அடி வலப்புறம் சுட்டது! குறிமுனையை உரியவாறு பொருத்தாமையே காரணம். எத்தனை நல்ல குழலாயினும் குறிமுனை கோணினால் யாது பயன்?

1899 திசெம்பரில் கொலென்சோவிலும், 1900 ஜனவரியில் ஸ்பியன் கொப் குன்றிலும் மௌசர் ஆங்கிலப் படையை வாட்டியது. அக்களங்களில் காயமுற்றோரைத் தூக்கிச் சுமந்தவர் யார் தெரியுமா? காந்தியடிகள் திரட்டிய இந்தியத் தொண்டர் படையினர். சுமார் 1,100 பேரில் பெரும்பகுதியினர் நேற்றாலில் ஒப்பந்தக் கூலிகளாயிருந்தோர். அவருள் தமிழர் பலர். துவக்கேந்தாது துவக்கின் முன் நின்றவர் நம்மவர் என்பதை இவ்விடத்துக் குறித்து வைப்போம்.

தியத்தலாவையில் போயர், தோட்டங்களில் துரைமார் படை

1900 ஓகஸ்டு முதல் சிறைப்பட்ட போயர்கள் கப்பல் கப்பலாய்க் கொழும்பில் இறக்கப்பட்டு, இரயிலேறி நம் மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட தியத்தலாவைப் புல்வெளியில் ஏறக்குறைய ஐயாயிரவர் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். மௌசரின் வல்லமையை உலகுக்குக் காட்டிய உழவர்கள் துவக்கிழந்து நம் பனியிற் குளிர் காய்ந்தனர். இன்று இலங்கைப் படையினர் சுடப்பழகும் திடல்கள் உள்ளதும் அதே தியத்தலாவையிலேதான்.

அதே 1900ஆம் ஆண்டிலேயே இலங்கைத் தோட்டத்துரைமார் இறைபிள் படை நிறுவப்பட்டது. கண்டி அதன் தலைமையிடம். தேயிலை, றப்பர்த் தோட்டங்களின் ஐரோப்பியத் துரைமாரும் சின்னத்துரைமாருமே அதன் உறுப்பினர். கொழுந்து பறித்தவருக்கும் கவ்வாத்து வெட்டியவருக்கும் அதில் இடமில்லை. 1914 ஒக்டோபரில் அதன் வீரர் இருநூறுக்கு மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறினர். அடுத்த ஆண்டு கலிப்பொலிக் களத்தையும் கண்டனர். மீளாதோர் பலர். அவர்தம் வீரத்தை நாம் மறுக்கவில்லை.

போயர் போரின் பாடத்தை ஆங்கிலேயர் இருவகையாய்க் கற்றனர். முதலாவதாக, 1902இன் இறுதியில் ஏற்ற குறுகிய என்பீல்டிலே குழலை ஐந்து அங்குலம் குறைத்து, ஐந்தைந்தாய்த் தோட்டா இடும் முறையையும் புகுத்தினர். "குழல் குறைந்தால் குறி கெடும்" என்று இலக்குச் சுடுவோர் குரலெழுப்பினர். ஆனால் 1910இல் கூர்முனை கொண்ட 174 கிறெயின் சன்னம் வந்ததும் பழைய .303 புத்துயிர் பெற்றது. குழலை மாற்றாமல் சன்னத்தின் வடிவை மாற்றியதே அவ்வெற்றி.

இரண்டாவது வழி மௌசரைத் தாண்டும் ஆசை. 1913இல் 0.276 அங்குலத் துளையில் அளவுமீறி மருந்தடைத்த புதிய இறைபிளைச் சோதித்தனர். வேகம் வந்தது, கூடவே பெருஞ்சுவாலையும் கடும் உதைப்பும் வந்தன, குழல் விரைவில் தேய்ந்தது. போர் மூண்டதும் அத்தோட்டாவைக் கைவிட்டு, அதே இறைபிளை .303க்கு மாற்றி அமெரிக்காவிற் செய்வித்தனர். அதுவோ குறி தவறாத இறைபிளென்று பெயர் பெற்றது! ஆக, குழல் பெருத்தல் பிழையெனில், சிறுகுழலில் அளவின்றி மருந்தடைத்தலும் பிழையே. அளவறிதலே கலை.

இன்று எதைத் தேர்வது?

இப்போது நம் தம்பியின் வினாவுக்கு விடை கூறலாம். ஆயிரம் யாரில் இலக்கின் நடுவட்டம் இரண்டடிக்கு மேற்படாது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கை பிசகினால் அத்தூரத்தில் சன்னம் பத்தரை அங்குலம் விலகிவிடும். அங்கு போய்ச்சேருமுன் சன்னம் முப்பது அடிக்கும் மேல் கீழே தாழ்கின்றது. ஆனால் இத்தாழ்வு கணக்கிற்குக் கட்டுப்படும். குறிமுனையை உயர்த்தினால் தீரும். கணக்கிற்கு எளிதில் கட்டுப்படாதது காற்று ஒன்றே.

1954இல் மேலைநாடுகள் பொதுவாக ஏற்ற 7.62 மில்லிமீற்றர்த் தோட்டா 1960களின் இறுதியில் இலக்குப் போட்டிகளில் .303இன் இடத்தைப் பெற்றது. இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலையும் 1960களில் பழைய என்பீல்ட் அமைப்பையே இத்தோட்டாவுக்கு ஏற்றவாறு வலுப்படுத்திச் செய்தது. மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்று வீசினால் 7.62 சன்னம் ஆயிரம் யாரில் எட்டடி அளவு ஒதுங்கும். 6.5 மில்லிமீற்றர் நீள்சன்னமோ ஆறடி அளவே ஒதுங்கும். தோளில் உதைப்பதும் குறைவு. 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த 6.5 கிறீட்மோர் இக்காரணத்தாலேயே பெயர் பெற்றது. ஆனால் இது புதிய ஞானமன்று. சுவீடன் 1894லேயே 6.5 அளவை ஏற்றிருந்தது. உலகம் நூறாண்டு சுற்றிப் பழைய படிக்கே வந்து சேர்ந்தது.

ஆதலின் தேர்வோர் நினைவிற் கொள்ளவேண்டியவை இவை. தாழ் உறுதியாய்ப் பூட்டவேண்டும். குழல் கனத்ததாயும், மரப்பிடியை எங்கும் உரசாது நிற்பதாயும் இருத்தல் நன்று. ஏனெனில் சூடேறிய குழல் மரத்தில் முட்டினால் குறி பெயரும். சன்னத்தின் நீளத்துக்கேற்ற சுழற்சி தவாளிப்பில் இருக்கவேண்டும். தோட்டாக்கள் ஒரே எடை, ஒரே மருந்து உடையனவாயிருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுடுபவன் அஞ்சாது தாங்கும் உதைப்பே அவனுக்குரிய அளவு. ஆறாயிரம் அடி உயர நுவரெலியாவில் காற்று ஐதாயிருத்தலால், கொழும்பிற் சரிபார்த்த இறைபிள் இங்கு சற்று மேலே சுடும் என்பதும் மலைநாட்டார் அறியவேண்டிய நுட்பம்.

நாம் கற்ற மிஷன் கல்லூரியின் மாணவர் படையில், முதன்முறை .22 இறைபிளைத் தோளில் வைத்த நாளை மறக்கமாட்டோம். சிறு துவக்குத்தானே என்று எண்ணி விசையை வெடுக்கென இழுத்தோம். ஐந்து முறை சுட்டோம். நம் தாளில் ஒரு துளையுமில்லை. பக்கத்து நண்பனின் தாளிலோ ஏழு துளை! பயிற்றுநர் சினக்கவில்லை. "தம்பி, துவக்கு நீர் சொன்ன இடத்துக்குத்தான் சுட்டது, நீர் என்ன சொன்னீர் என்பதை யோசியும்" என்றார். மூச்சை அடக்கி, மனத்தை ஒருவழிப்படுத்தி, விசையை மெல்ல அழுத்தக் கற்றுக்கொள்ள ஒரு தவணை முழுவதும் சென்றது. பறவையின் கண்ணொன்றையே கண்ட விசயனின் கதையைப் பாட்டி சொன்னபோது விளங்காதது அன்று விளங்கிற்று.

குழலின் மறுமுனை

இத்துடன் முடித்தால் இக்கட்டுரை பாதி உண்மையே ஆகும். குழலுக்கு இருமுனை உண்டு. இதுவரை பின்முனையில் நின்று பேசினோம். நம் மலைகளின் வரலாற்றில் நம்மவர் நின்றதோ முன்முனையில்.

1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது காவலர் சுட்டனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். 1977 மே 11ஆம் நாள், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர்த் தோட்டக் காணியைப் பிரித்தெடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, டெவன் தோட்டத்துச் சிவனு இலட்சுமணன் என்னும் இளைஞர் காவலரின் சூட்டுக்கு இரையானார். அவ்விருவர் கையிலும் துவக்கில்லை. ஆயிரம் யார் தூரமுமில்லை; காற்றின் கணக்குமில்லை. அங்கே பிழைத்தது குழலின் அளவன்று. அதனை நீட்டத் துணிந்த மனத்தின் அளவே.

மற்றொன்றும் காண்க. தோட்டத்துரைமார் இறைபிள் படை 1949இல் கலைக்கப்பட்டது. துரைமார் துவக்கை இறக்கிவைத்த அதே ஆண்டில்தான், முந்திய ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, நம் முன்னோரின் வாக்குரிமையும் சட்டத்தால் பறிக்கப்பட்டது. துவக்கில்லாமலும் மனிதரை வீழ்த்தலாம் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுமோ? அவ்வுரிமையை நம்மவர் மீட்டதும் துவக்கினாலன்று. சங்கத்தாலும், சத்தியாக்கிரகத்தாலும், வாக்குச் சீட்டாலும், பல்லாண்டுப் பொறுமையாலும் மீட்டனர்.

அப்படியாயின் இளைஞர் இறைபிளை அறியவேண்டுமா? அறியவேண்டும் என்பதே நம் துணிபு. அஞ்சிய பொருளை அறியாமல் ஒதுக்கினால் அச்சம் வளரும். ஆசைப்பட்ட பொருளை அறியாமல் அணைத்தால் அழிவு வரும். இலங்கையிலே 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டத்தின்படி உத்தரவுப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாகும். சுடும் கலையில் நாட்டமுள்ளோர் மாணவர் படையிலோ முறையான விளையாட்டுக் கழகத்திலோ, காற்றுத் துவக்கிலும் .22இலும் தொடங்குக. தாளிலும் அட்டையிலும் இட்ட வட்டமே இலக்காகுக. உயிர் ஒருநாளும் ஆகாதிருக்கட்டும்.

மூன்று அவுன்சு உருண்டையிலிருந்து ஆறரை மில்லிமீற்றர் ஊசிச் சன்னம்வரை வந்த இந்நெடுவழியிலே, பெருமையை நம்பியோர் தோற்றனர். அளவை அறிந்தோர் வென்றனர். நம் சமுதாயத்தின் வழியும் அதுவே. இளைஞர்காள்! நம் இலக்கு தொலைவில் உள்ளது. கல்வியும் காணியும் வீடும் கண்ணியமான ஊதியமும் இன்னும் நெடுந்தூரத்தில் நிற்கின்றன. காற்று எத்திசையில் வீசுகின்றது என்று கணித்து, மூச்சை அடக்கி, பதறாது குறிவைப்போமாக. அடுத்த ஆயுத பூசையில் கவ்வாத்துக் கத்தியின் பக்கத்தில் நம் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழும் சந்தனப் பொட்டுடன் வீற்றிருக்கக் காண்போமாக!